சப்பாத்தி சுடுபவளும் சூடாகச் சாப்பிடட்டும்!

உங்கள் வீட்டில் சப்பாத்தி சுடும் ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளும் அவர்களின் வாப்பாவும் சாப்பிட அமர்ந்து விட்டார்கள். நீங்களோ குசினியில் நிற்கிறீர்கள். ஒன்றைச் சுட்டு எடுப்பதற்குள் "உம்மா, இன்னொன்று!" என்று குரல் வருகிறது. கடைசியில் நீங்கள் அமரும்போது மிஞ்சுவது ஆறிப்போன இரண்டுதான். இல்லையா சகோதரியே?

வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பல வீடுகளில் இதே கதைதான். அங்கே மெல்லிய சப்பாத்தியைப் 'புல்கா' என்பார்கள். கல்லில் இருபுறமும் வாட்டி, பின்னர் நேரே நெருப்பில் காட்டுவார்கள். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, அது பந்துபோல் உப்பும். சூடு ஆறுமுன் பரிமாற வேண்டும் என்பதால், சுடுபவள் அடுப்பை விட்டு நகர முடிவதில்லை.

இதே சப்பாத்தி கடல் கடந்தபோது என்ன ஆனது? 1896இல் ஆங்கிலேயர் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போடத் தொடங்கினர். இதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 30,000க்கும் அதிகமான தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். 1901இல் பாதை ஏரியை எட்டுவதற்குள் சுமார் 2,500 பேர் மாண்டு போயினர். இவர்களோடும் இந்திய வணிகர்களோடும் போன சப்பாத்தி, இன்று கிழக்கு ஆபிரிக்க மக்களின் சொந்த உணவு. உகண்டாவில் முட்டைப் பொரியலை அதில் சுருட்டி, 'ரோலெக்ஸ்' என்று தெருவோரம் விற்கிறார்கள். கென்யாவிலோ வெள்ளைக் கோதுமை மாவில் எண்ணெய் தடவி, சுருட்டி, மடிப்பு மடிப்பாகச் சுடுகிறார்கள். அடுக்கி மூடி வைத்து, அவரைக் கறியோடு சாப்பிடுகிறார்கள்.

அந்த 'அடுக்கி மூடும்' வழக்கம் நமக்கும் உதவும். இரண்டு கோப்பை ஆட்டா மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அளவான உப்பு போதும். இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக விட்டு, பத்து நிமிடம் நன்றாகக் குழையுங்கள். ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வையுங்கள். தவிடு நீரை உறிஞ்சும், மாவின் இழுவையும் தளரும், தேய்ப்பது சுலபம். கல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடந்தால் ஈரம் வற்றி, அப்பளம் போலாகி விடும். சுட்டவற்றைத் துணியில் சுற்றி மூடி வையுங்கள். அவற்றின் ஆவியே அவற்றை மெதுவாக்கும்.

மாவைத் தேய்க்க மகளை மட்டுமல்ல, மகனையும் அழையுங்கள். எல்லாம் சுட்டு முடிந்ததும் அடுப்பை அணைத்து விட்டு, நீங்களும் எல்லோருடனும் அமருங்கள். உங்கள் கையால் சுட்ட சப்பாத்தியின் சூடு உங்களுக்கும் உரியதுதானே!