கருப்பநீரும் கள்ளும் வினாகிரியும்

ஆனையிறவு என்றதும் உப்பு நினைவுக்கு வரும். உப்பு மீனையும் ஊறுகாயையும் கெடாமற் காப்பது போலவே, பனஞ்சாற்றைச் சுண்ணாம்பு காக்கின்றது. இரண்டும் தடுப்பது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களையே. இதனை அறிந்த கமக்காரருக்கு வயலோரப் பனையின் பயன் வீணாகாது.

பாளையிலிருந்து வடியும் புதுச்சாற்றின் 100 பங்கில் 10 பங்கிற்கு மேல் சீனி உண்டு. காற்றிலும் பழைய முட்டியின் மண்டியிலும் உள்ள மதுவம் அதில் விழுந்ததும் நொதித்தல் தொடங்கும். சீனியில் ஏறத்தாழப் பாதி மதுசாரமாகும். மறுபாதி காபனீரொட்சைட்டு வாயுவாக நுரைத்து வெளியேறும். இதுவே கள். முந்திரிகைப்பழச் சாறு வைன் ஆவதும் இம்முறையாலேயே. அச்சாற்றில் சீனி மிகுதி. ஆதலின் வைனில் மதுசாரமும் மிகுதி. அது நெடுநாள் நிற்கும். கள்ளில் மதுசாரம் குறைவாகையால் விரைவிற் புளிக்கும். வைன் புளிப்பதற்கும் நுண்ணுயிர்களே காரணமென்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ரர் 1866இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் மதுவம் பெருகாது. சாறு இனிய கருப்பநீராகவே இருக்கும். பூச்சுக் குறைந்தால் சீனி சிதைந்துவிடும். அத்தகைய சாறு கலந்தால், எவ்வளவு காய்ச்சினும் பனங்கட்டி இறுகாமற் போகலாம். அன்றைய உழைப்பும் விறகும் நட்டமாகும்.

புளித்த கள்ளும் வீணன்று. காற்றுப்படும்போது வேறொருவகைப் பற்றீரியா மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்கும். அதுவே மரக்கறி ஊறுகாய்க்கு உதவும் வினாகிரி.

கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு முறையும் முட்டியைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, உலர்த்திப் புதிதாகச் சுண்ணாம்பு பூசுக.

2. கருப்பநீரைத் தாமதியாது காய்ச்சுக. புளித்த சாற்றை அதனோடு கலவாதீர்.

3. நுரைக்கும் கள்ளைப் போத்தலில் இறுக அடைத்தல் ஆபத்து. வாயு பெருகிப் போத்தல் வெடிக்கும்.

4. வினாகிரிக்கு, அனுமதி பெற்று இறக்கிய கள்ளை நுரை அடங்கியபின் வடித்து, வாயகன்ற மண் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் அரைவாசி நிரப்பி, நல்ல பழைய வினாகிரி சிறிது சேர்த்து, மெல்லிய துணியால் மூடி நிழலில் வைக்க. உலோகப் பாத்திரம் ஆகாது.

5. சில வாரங்களில் மதுசார மணம் நீங்கிப் புளிப்பு முற்றும். பின்னர் வடித்துப் போத்தலின் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுக. இப்போது காற்றே பகை.

காற்றை வேண்டும்போது விட்டு, வேண்டாதபோது அடைப்பதே இத்தொழிலின் நுட்பம்.