சிலிந்து: குறையுள்ள பாத்திரமும் வாசகர் இரக்கமும்

மாணவர்களே, பாத்திரப் பண்பு பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது உங்களில் பலர் பாத்திரங்களை நல்லவர், கெட்டவர் என இரண்டாகப் பிரித்துவிடுகின்றீர்கள். இப்பிரிவுக்குள் அடங்காத பாத்திரங்களும் உண்டு. லெனாட் வுல்ஃப் 1913இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, ‘காட்டிலுள்ள கிராமம்’ எனப் பொருள்படும் நாவலின் சிலிந்து அத்தகையவன். (லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘பெத்தேகம’ எனத் திரைப்படமாக்கியது இந்நாவலையே.)

சிலிந்து வறண்ட காட்டுக் கிராமமொன்றில் வாழும் வேட்டைக்காரன். அவன் மனைவி டிங்கிஹாமி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெறுகிறாள். ஆண் பிள்ளை பிறக்கவில்லை என்ற ஆத்திரத்தில், பிள்ளை பெற்றுக் கிடந்தவளை அவன் அடிக்கிறான். அவள் இறந்துபோகிறாள். அதற்காக எந்த நீதிமன்றமும் அவனை விசாரிக்கவில்லை.

அதே சிலிந்து பின்னர் அப்பெண் பிள்ளைகளையே உயிராக நேசிக்கிறான். காட்டு விலங்குகளின் கதைகளைச் சொல்லி வளர்க்கிறான். ஒரு மகள் ஹின்னிஹாமியை ஊராரின் கொடுமைக்குப் பறிகொடுக்கிறான். மற்றவள் புஞ்சி மெனிக்கா மீது பெர்னாண்டோ என்னும் கடன்கார முதலாளி ஆசை கொள்கிறான். அவனும் ஊர்த்தலைவன் பபெஹாமியும் சேர்ந்து அவளது கணவன் பாபுனைப் பொய்த் திருட்டு வழக்கில் சிறைக்கு அனுப்புகின்றனர். சிலிந்து துவக்கை எடுத்து அவ்விருவரையும் சுட்டுக் கொல்கிறான். ஓடி ஒளியவில்லை, நடந்து சென்று தானே சரணடைகிறான். அவனுக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை பின்னர் 20 வருடச் சிறையாகக் குறைக்கப்படுகிறது.

இக்கதையில் கண்டிக்கும் ஒரு தொடர்புண்டு. வுல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்தவர். 1907, 1908இல் கண்டிக் கச்சேரியில் கடமையாற்றியபோது, போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படுகையில் உடனிருப்பதும் அவரது கடமையாயிற்று. 2014இல் மூடப்பட்ட அந்தச் சிறையைத்தான் நகருக்குள் நீங்கள் கடந்து செல்கின்றீர்கள். பின்னர் அம்பாந்தோட்டையில் நீதவானாகவும் வழக்குகளைத் தீர்த்தார். தண்டிக்கும் பக்கத்தில் நின்ற ஒருவரே, தண்டிக்கப்படுபவனின் மனதுக்குள் சென்று எழுதியிருக்கிறார் என்பதை விடையில் குறிப்பிடலாம்.

கவனியுங்கள்: மனைவியை அடித்ததை ஆசிரியர் மறைக்கவில்லை, கதையின் தொடக்கத்திலேயே வைக்கிறார். அதை அறிந்த பின்னரே இரங்கச் சொல்கிறார். ஆகவே ‘சிலிந்து அப்பாவி’ என எழுதுவது தவறு. ‘கொலைகாரன்’ என்று மட்டும் எழுதினாலும் விடை நிறைவு பெறாது. வறுமை, கடன், அவனுக்கு விளங்காத நீதிமன்றம் ஆகியவை விடுபட்டுவிடும். என் கருத்தில், பின்னைய இரு கொலைகளுக்குக் காரணங்களை எடுத்துக்காட்டலாம். டிங்கிஹாமியின் சாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவளது பெயரையும் விடையில் எழுதுங்கள்.

கோவலன் பற்றிய வினா வந்தாலும் இம்முறையையே கையாளலாம். கண்ணகியைப் பிரிந்து மாதவியுடன் வாழ்ந்ததையும் செல்வத்தைத் தொலைத்ததையும் முதலில் தயங்காமல் எழுதிவிட்டு, அதன்பின் மதுரைக்குச் செல்லுங்கள்.