‘ஆலங்குடி’னு தேடினா எந்த ஊர் வருது? இணையத்தில் சரியான தகவலைக் கண்டுபிடிப்பது எப்படி?

இணையத்தில் ‘ஆலங்குடி’ என்று தேடினால், பெரும்பாலும் முதலில் வருவது குரு கோயில். அது திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் தாலுகாவில் உள்ள ஆலங்குடி. புதுக்கோட்டை மாவட்ட ஆலங்குடி வேறு ஊர். தாலுகா தலைமையிடம், சட்டமன்றத் தொகுதியும்கூட. முதலில் வந்த பதிலை அப்படியே நம்பினா, கோயிலுக்குப் போறவர் பஸ் மாறி ஏறுவார். நிலம் வாங்குறவருக்கோ பணமே போயிடலாம்.

சரி, எதை எங்கே தேடுவது?

நிலம், பட்டா

தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். மாவட்டம், தாலுகா, கிராமம் மூன்றையும் சரியாகத் தேர்வு செய்வது முக்கியம். ஏன்னா, ஒவ்வொரு கிராமத்துக்கும் சர்வே எண் 1-ல் இருந்து தொடங்கும். கிராமம் மாறினா, அதே எண்ணில் வேற யாரோ ஒருவரின் நிலம் வந்து நிற்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன், பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிடுங்கள்.

ஊர் வரலாறு

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘புதுக்கோட்டை மாவட்டம்’ என்று தேடினால் கிடைக்காது. காரணம், அந்த மாவட்டம் உருவானதே 1974 ஜனவரி 14-ல்தான். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகு, இந்தப் பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன், புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்று ஆலங்குடி. மற்றவை குளத்தூர், திருமயம். எந்த ஆண்டைத் தேடுகிறோமோ, அந்த ஆண்டின் பெயரில் தேட வேண்டும்.

சொல், பழைய நூல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதில் நேரடியாகச் சொல் தேடலாம். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த கலைக்களஞ்சியமும் பல பழைய நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. ஈழத்து நூல்கள், பத்திரிகைகளுக்கு நூலகம் தளம்.

விவசாயம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் பயிர் வாரியாகத் தமிழிலேயே தகவல் உண்டு. இங்கே தேதி ரொம்ப முக்கியம். எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லிக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் அது சாதாரண மருந்தாகவே சொல்லப்பட்டிருக்கும். பழைய பரிந்துரையைப் பார்த்து மருந்து அடிக்காதீங்க; வட்டார வேளாண் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கோங்க.

விக்கிப்பீடியா, ஏஐ பதிலை நம்பலாமா?

தேடலைத் தொடங்குவதற்கு இரண்டுமே உதவும், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. விக்கிப்பீடியா கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து பாருங்கள். ஏஐ பதில் சொன்னால், ‘எந்த மாவட்டம், எந்த ஆண்டு, எங்கிருந்து எடுத்தது?’ என்று திருப்பிக் கேளுங்கள். அது காட்டும் பக்கத்தில் அந்தத் தகவல் நிஜமாவே இருக்கான்னு பாருங்க.

ஷேர் பண்ணும் முன் பார்க்க வேண்டியவை

* இது நான் தேடிய ஊர்தானா, அதே பெயரில் வேறு ஊரா?
* தகவல் எந்த ஆண்டுடையது?
* முதலில் சொன்னது யார்? அரசுப் பதிவா, பல்கலைக்கழகமா, வாட்ஸ்அப் ஃபார்வேர்டா?

இந்த மூன்றில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும், அந்தத் தகவலை நம்பிப் பணம் கட்டாதீர்கள், மற்றவர்களுக்கும் அனுப்பாதீர்கள்.