சின்னச் சின்னச் சந்தோஷங்களைக் கவனிப்போம்

மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் ஒரு தாயிடம், "இன்றைக்கு எப்படியம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். கழிக்கப்பட்ட கிலோவையும், கேட்ட ஏச்சையும் சொல்லுவார். காலையில் மலையில் எல்லோரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அவர் நினைவுக்கு வராது. எமக்கும் இப்படித்தான். ஆபத்தை முதலில் கவனித்து, அதையே நெடுநேரம் நினைவில் வைத்திருப்பது மனித மனத்தின் இயல்பு.

ஆனால் துன்பமானவை மட்டுமே நாள்தோறும் மனதில் தங்கினால் மனம் களைத்துப்போகும். தூக்கம் கெடும். பிள்ளைகள் மீது கோபம் பாயும். சிலர் சாராயத்தை நாடுவர். 1995ஆம் ஆண்டளவில் எமது நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். பின்னர் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. ஆயினும் மனத்துயரம் எமது வீடுகளை விட்டுப் போய்விடவில்லை.

இது ஏமாற்று வேலையா?

"வயிறு காயும்போது மகிழ்ச்சியாக இருக்கச் சொல்கிறீர்களா?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சம்பளம், காணி, வீடு என்ற கோரிக்கைகளுக்குச் சந்தோஷம் பதிலாகாது. ஆனால் சோர்ந்த மனம் அந்தக் கோரிக்கைகளையே கைவிட்டுவிடும். கணநேர மகிழ்ச்சியும் எமது சிந்தனையை விரிக்கிறது, உறவையும் துணிவையும் வளர்க்கிறது என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சன் 1998இல் முன்வைத்தார்.

எமது மண்ணின் வரலாறும் இதையே சொல்கிறது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மலையக மக்களின் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் நோயாலும் பலர் வழியிலேயே மடிந்தனர். 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் நடந்த நினைவு நடைபவனியும் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில்தான் முடிந்தது. இவ்வளவு துயரத்தின் நடுவிலும் அந்த மக்கள் தப்பையும், காமன் கூத்தையும், தாலாட்டையும், கேலிப் பாட்டையும் விட்டுவிடவில்லை. துயரத்தை மறைக்காமலே சிரிக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எப்படிப் பழகுவது?

2005இல் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அன்று நடந்த மூன்று நல்ல விடயங்களையும், அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் இரவுதோறும் எழுதியவர்களின் மனச்சோர்வு குறைந்தது. ஆறு மாதங்களின் பின்னரும் அப்பயன் காணப்பட்டது. அவர்கள் கடும் நோயாளர்கள் அல்லர் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

எமக்குக் கொப்பியும் பேனையும் வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னால் போதும். பிள்ளை மடுவத்திலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்ட பிள்ளை, பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்த கறி, குளிருக்கு இதமான தேத்தண்ணீர், நட்ட மிளகுக் கொடியில் முதல் காய், மூட்டம் விலகித் தெரிந்த நக்கிள்ஸ் மலை என எதுவாகவும் இருக்கலாம். அது நடக்கும்போதே ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். பின்னர் அதை ஒருவரிடம் சொல்லுங்கள். ஏன் நடந்தது என்றும் கேளுங்கள். கறி வந்தது பக்கத்து வீட்டு அக்காவின் அன்பினால் என்று தெரிந்தால், நாம் தனியாக இல்லை என்பதும் தெரியும்.

எப்போது இது போதாது?

துக்க வீட்டில் இருப்பவரை மகிழச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அவருடன் அமர்ந்திருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் விருப்பம் இல்லாமல் ஒருவர் இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அவரை அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதில் வெட்கம் இல்லை; இதிலும் இல்லை.

இன்றிரவே உங்கள் வீட்டில் தொடங்குங்கள். முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள். நாம் காணத் தவறியதை அவர்கள் கண்டிருப்பார்கள்.