சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனவர்

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனார். "எல்லாம் சரி. பிளாக்குல டிக்கெட் விக்கிறவனைக் காணோமேடா?"

நண்பர் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த அந்தப் படம் பிளாசா தியேட்டர். வரைந்தவர் பால் ஃபெர்னாண்டஸ். பெங்களூரில் எந்தப் பழைய குடும்பத்தின் வீட்டுக்குப் போனாலும் அவருடைய படம் ஒன்றாவது கண்ணில் படும். 1936இல் கட்டிய பிளாசாவில் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு எம்.ஜி. ரோட்டில் நடந்ததைச் சித்தப்பா வயதுக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தியேட்டரை இடித்தார்கள். அந்த இடத்தில் மெட்ரோ நிலையம் எழுந்து, 2011 அக்டோபர் 20ஆம் தேதி முதல் ரயிலும் வந்துவிட்டது. பிளாசாவைப் பார்க்க வேண்டுமென்றால் இனிமேல் பாலின் காகிதம்தான்.

பால் பெங்களூர்க்காரர். ஓவியம் படித்தது பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில். கறுப்பு மசியில் கோடு, மேலே நீர்வண்ணம். அறுபது, எழுபதுகளின் கண்டோன்மென்ட் பகுதிதான் அவருடைய களம். பீட்டர் கொலாசோ எழுதி 2003இல் வந்த பெங்களூர்க் கதைகள் புத்தகத்துக்கும் இவர்தான் படம் போட்டார். பிறகு ரிச்சர்ட்ஸ் டவுன் கிளார்க் ரோட்டில் ஒரு கேலரி தொடங்கி, மன்னிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குள் தன் பெயரைச் செருகி 'அபாலஜி' என்று போர்டு மாட்டினார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பது பார்க்கிறவர் பாடு.

கட்டடத்தில் அவர் கை வைப்பதில்லை. தூண், ஓட்டுக் கூரை, மரத் தட்டி எல்லாம் இருந்தது இருந்தபடி வரும். கோணல் எல்லாம் மனிதர்களுக்குத்தான். இதை மாற்றிச் செய்திருந்தால் படம் காலண்டர் ஆகியிருக்கும். தெருவை ஞாபகம் வைத்துக்கொள்வது அங்கே திரிந்த ஆட்களை வைத்துத்தானே? பிரீமியர் புக் ஷாப் நடத்திய ஷான்பாகையே எடுத்துக்கொள்ளுங்கள். கூரை வரை புத்தகம், ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் வழி. ஆனால் எந்தப் புத்தகம் எந்த அடுக்கின் அடியில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். 2009இல் கடை மூடியபோது ஊர் அழுதது அடுக்குக்காகவா, ஆளுக்காகவா?

பாலைப் போலவே கோவாவில் கார்ட்டூனிஸ்ட் மரியோ மிராண்டா லோட்டோலிம் கிராமத்து ஆட்களை இளம் வயதிலேயே டைரியில் வரைந்து தள்ளினார். நமக்குக் கோபுலு இருந்தார். விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் போட்ட படங்களில் தஞ்சாவூர் ஜில்லாவின் தவிலும் குடுமியும் வெற்றிலைச் செல்லமும் உட்கார்ந்திருந்தன. மூவரும் ஒரு ஜாதி. ஊரைக் கேலி செய்ய ஊர்க்காரனுக்குத்தான் உரிமை என்று தெரிந்தவர்கள்.

கோணல் ஆட்களுக்குப் பெங்களூரில் என்றைக்கும் பஞ்சமில்லை. சர்ச்சில் வாலிபத்தில் இந்த ஊரில் ராணுவ அதிகாரியாக இருந்தார். 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். வராக்கடன் என்று 1899இல் எழுதிய அந்தக் கணக்குப் புத்தகத்தை பெங்களூர் கிளப் இன்றும் பெருமையாகக் காட்டுகிறது. கடன்காரனைக் கொண்டாடும் ஊர்!

எனக்கு ஒரு குறை உண்டு. பாலின் படங்களின் வெயிலும் பாட்டும் பெரும்பாலும் பங்களாப் பக்கத்தது. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்த காலத்தில் மதராஸ் பட்டாளத்தின் பின்னாலேயே வந்த தமிழர்கள் சமையல்காரர், கொத்தனார், கான்டிராக்டர் என்று அதற்கு உடம்பாக இருந்தவர்கள். 1949இல் கண்டோன்மென்ட், பேட்டை என்ற இரண்டு பக்கத்து நகராட்சிகளும் ஒன்றாகும் வரை பேட்டைப் பக்கம் வேறு ஊர் மாதிரிதான். 1971இல் சுமார் 16 லட்சம் பேர் இருந்த ஊர், 2011இல் 84 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தொலைந்த பழைய ஊர் என்றால் சர்ச்சில் கிளப் மட்டுமல்ல, அல்சூர் பஜார் தெருவும்தான்.

இதைச் சொன்னதும் சித்தப்பா உற்சாகமாகிவிட்டார். அல்சூரில் அவருடைய சின்ன வயதில் ஒருவர் தினமும் காலையில் சைக்கிளைத் துடைத்து, பெல்லுக்கு எண்ணெய் விட்டு, சோமேஸ்வரர் கோயில் வரை தள்ளிக்கொண்டே போவாராம். திரும்பியும் தள்ளிக்கொண்டேதான் வருவார். ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. நடுவில் யாராவது குறுக்கே வந்தால் மட்டும் பெல் அடிப்பார்.

"ஏன் ஏறலைன்னு யாருமே கேக்கலையா சித்தப்பா?"

"கேட்டா ஏறிப் போயிடுவானேடா. அப்புறம் நாங்க யாரைப் பாக்குறது?"