அச்சம் அறியாத தீவுகள்

இந்தப் பயணத்துக்குப் புறப்படுமுன் உங்கள் காலணியைக் கழற்றி அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். இடுக்குகளில் காய்ந்த சேறு கொஞ்சம், அதில் ஒட்டிய புல்விதை ஒன்றிரண்டு, ஒருவேளை ஒரு சிறு எறும்பு. 'இதையெல்லாம் யார் பொருட்படுத்துவார்கள்?' என்கிறீர்களா? பசிபிக் கடலில் உள்ள சில தீவுகளில் இந்தச் சேற்றோடு நீங்கள் கால் வைக்க முடியாது. உங்கள் பையைத் திறந்து சோதிப்பார்கள். விதையோ மண்ணோ இருந்தால் எடுத்துவிடுவார்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி? வாருங்கள், அங்கேயே போய்த் தெரிந்துகொள்வோம்.

நாம் போகும் இடம் கலாபகஸ் தீவுகள். தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் நிலநடுக்கோட்டின் மேல் இவை அமைந்துள்ளன. பெரிய தீவுகள் 13. அவற்றைச் சுற்றிச் சிறு தீவுகளும் பாறைகளும் பல. நான்கு தீவுகளில் மட்டும் ஊர்கள் உண்டு. நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்கா. ஆள் இல்லாத தீவுகளில் தங்கும் விடுதி கிடையாது. ஆகவே சிறு கப்பலிலேயே உண்டு உறங்கித் தீவு தீவாகப் பார்க்க வேண்டும். கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடும். விடியும்போது வேறொரு தீவின் முன் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ரப்பர்ப் படகில் ஏறிக் கரைக்குப் போகலாம்.

நெருப்பில் பிறந்த நிலம்

கரையில் முதலில் கண்ணில் படுவது கறுப்புப் பாறை. குழம்பாக ஓடி, ஓடிய நிலையிலேயே உறைந்த எரிமலைக் குழம்பு. இத்தீவுகள் ஒருநாளும் கண்டத்தோடு ஒட்டியிருந்தவை அல்ல, கடலடியிலிருந்து எழுந்தவை.

எப்படி எழுந்தன? மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே ஒரு தாளை மெல்ல நகர்த்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். சுடர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, தாள் நகர்கிறது. தாளில் கருகல் புள்ளிகள் வரிசையாக விழும் அல்லவா? பூமியின் ஆழத்தில் அப்படியோர் அனல் இடம் இருக்கிறது. அதன் மேலே நாஸ்கா என்னும் பாறைத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கிறது. உங்கள் நகம் வளரும் வேகம் ஏறத்தாழ அவ்வளவுதான்! அனல் இடத்துக்கு மேல் வரும்போது எரிமலை பிறக்கிறது. பிறகு மெல்ல விலகி ஆறிப்போகிறது. எனவே கிழக்கே உள்ளவை மூத்த தீவுகள். எஸ்பானியோலா தீவின் வயது 30 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். மேற்கே உள்ள பெர்னாண்டினா மிக இளையது. 2024-லும் அங்கே எரிமலை வெடித்தது.

கடலைக் கடந்து வந்தவை

வெறும் பாறையாகப் பிறந்த தீவுக்கு உயிர்கள் எங்கிருந்து வந்தன? பறவைகள் பறந்து வந்தன. சிறு பூச்சிகளையும் நுண்விதைகளையும் காற்று சுமந்து வந்தது. ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்களையும் செடிக்கூட்டங்களையும் பற்றிக்கொண்டு ஊர்வன சில வந்து சேர்ந்தன. ஆமை மிதக்கும், பல நாள் பட்டினி தாங்கும். அதனால் அதுவும் கரையேறியது.

ஆனால் தவளையின் மெல்லிய தோல் உப்புநீரைத் தாங்காது. எனவே இத்தீவுகளுக்கே உரிய தவளை இனம் ஒன்றுகூட இல்லை. எலி, வௌவால் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகளும் தாமாக இங்கே வரவில்லை. புலி, நரி, பூனை எதுவும் 1,000 கிலோமீட்டர் நீந்த முடியாதே!

கால் வைக்க இடம் பாருங்கள்

இப்போது பாதையில் நடப்போம். நீலநிறப் பாதங்கள் கொண்ட பூபி என்ற கடற்பறவை பாதையின் நடுவிலேயே முட்டையிட்டு அமர்ந்திருக்கிறது. நீங்கள் அருகே போனாலும் எழுந்து ஓடவில்லை. நீங்கள்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடற்சிங்கக் குட்டி ஒன்று உங்களை முகர்ந்து பார்க்க வருகிறது.

இவற்றுக்கு ஏன் அச்சம் இல்லை? அச்சம் என்பது இலவசமாகக் கிடைப்பதல்ல. ஒவ்வொரு சலசலப்புக்கும் ஓடினால் உணவுக்கும் குஞ்சைக் காப்பதற்கும் நேரம் இராது. துரத்தும் விலங்கு உள்ள இடத்தில் அஞ்சி ஓடுபவை பிழைக்கும். துரத்தும் விலங்கே இல்லாத இடத்தில் அந்த ஓட்டம் வீண் செலவு. தலைமுறை தலைமுறையாக அந்தச் செலவு இங்கே குறைந்துவிட்டது.

நீர்க்காகத்தை நம் ஏரிகளில் பார்த்திருப்பீர்கள். கலாபகஸ் நீர்க்காகமும் மூழ்கி மீன் பிடிக்கும். கரையேறி இறக்கையை விரித்துக் காயவைக்கும். ஆனால் அந்த இறக்கை சின்னஞ்சிறியது. அதனால் பறக்க முடியாது. தப்பிப் பறக்கத் தேவையில்லாத இடத்தில் நல்ல நீச்சலே போதும்.

பாறை முழுவதும் கறுப்பாக எதுவோ குவிந்து கிடக்கிறதே, அது கடல் இகுவானா. நம் ஓணானுக்குத் தூரத்து உறவு. உலகிலேயே கடலுக்குள் மூழ்கிப் பாசியை மேயும் பல்லியினம் இது ஒன்றுதான். பாசியோடு விழுங்கிய உப்பைச் சுரப்பி ஒன்று பிரித்தெடுக்க, அதைத் 'தும்மி' வெளியேற்றும். எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடாகிப் பாசி குறையும். அப்போது இதன் உடல் நீளமே 20 விழுக்காடு வரை சுருங்கும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்!

தீவுக்கொரு வகை

1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் இங்கே வந்தவர் சார்லஸ் டார்வின். அப்போது அவருக்கு வயது 26. 'ஓட்டைப் பார்த்தே இந்த ஆமை எந்தத் தீவினுடையது என்று சொல்லிவிடுவேன்' என்றார் அங்கிருந்த துணை ஆளுநர். டார்வின் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரு தீவுகளில் சேகரித்தவற்றை ஒன்றாகவே கலந்துவிட்டார்! அருகருகே உள்ள தீவுகளில் வெவ்வேறு வகைகள் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. தீவுகளுக்கு இடையே உள்ள கடல் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. பிரிந்த கூட்டங்கள் தத்தம் வழியில் மாறின. உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற அவருடைய கொள்கைக்கு இத்தீவுகளின் பறவைகளும் ஆமைகளும் பெருந்துணையாயின.

அதாவது, இங்கே கடல்தான் வேலி. கண்டத்துக்கும் தீவுக்கும் நடுவே ஒரு வேலி. தீவுக்கும் தீவுக்கும் நடுவே இன்னொரு வேலி. அந்த இரண்டையும் கடந்து வருவது எது? நாம் ஏறி வந்த கப்பல்!

மூன்று ஆடுகள்

பழைய காலத்துக் கடற்கொள்ளையரும் திமிங்கில வேட்டைக்காரரும் இங்கே ஆமைகளைத் தூக்கிக் கப்பலில் அடுக்கினார்கள். உணவும் நீரும் இன்றிப் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் இறைச்சி அல்லவா? இப்படிப் போனவை 1 லட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய கேடு, கப்பல்கள் இறக்கிவிட்டுப் போனவை. 1959-ல் பின்டா தீவில் மூன்று ஆடுகளை விட்டார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவை பல்லாயிரமாகப் பெருகின. ஆமை தின்னும் செடிகளை எல்லாம் மேய்ந்தன. 1971-ல் அந்தத் தீவில் ஓர் ஆண் ஆமை கிடைத்தது. எங்கு தேடியும் அதன் வகையில் வேறொன்று கிடைக்கவில்லை. 'தனியன் ஜார்ஜ்' என்று பெயரிட்டு 40 ஆண்டுகள் காத்தார்கள். 2012 ஜூன் 24 அன்று அது இறந்தது. அதோடு அந்த வகையே முடிந்தது.

எஸ்பானியோலா தீவின் கதை வேறு. அங்கே மிஞ்சியவை 12 பெண், 2 ஆண், ஆக 14 ஆமைகள்தாம். அமெரிக்க விலங்குக் காட்சிச் சாலை ஒன்றிலிருந்து இன்னோர் ஆணைக் கொண்டுவந்து, அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். குஞ்சுகளை வளர்த்துத் தீவில் விட்டார்கள். இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் நடமாடுகின்றன. பெற்றோரான அந்த 15 ஆமைகளும் 2020-ல் தீவுக்கே திரும்பின. வேலியில் விழுந்த ஓட்டையை அடைக்க முடியும். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு ஆகிறது!

விளக்கைத் தேடி வரும் பூச்சி

ஆடு கண்ணுக்குத் தெரியும். தெரியாதவற்றை என்ன செய்வது? ஓர் ஈ இருக்கிறது. மனிதரின் போக்குவரத்தோடு வெளியிலிருந்து வந்தது என்று கருதப்படுகிறது. அதன் புழுக்கள் பறவைக் கூட்டில் இருந்துகொண்டு குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. அலையாத்திக் காட்டில் வாழும் ஒருவகைக் குருவி இன்று சுமார் 100-தான் மிச்சம். அதற்கும் இந்த ஈ பெரும் எதிரி.

இரவில் கப்பலின் விளக்கு ஒளிக்குப் பூச்சிகள் வந்து மொய்க்கும். விடியும்போது கப்பல் அடுத்த தீவில் நிற்கும். பூச்சியும் அங்கே இறங்கிவிடும். 2001 ஜனவரியில் ஜெசிகா என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவருகே தரைதட்டியது. தீவுகளுக்கும் ஒரு சுற்றுலாக் கப்பலுக்குமாக எரிபொருள் கொண்டுவந்த கப்பல் அது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயைச் சிதறடித்ததால் ஆபத்து நீங்கியது என்றே தோன்றியது. ஆனால் அடுத்த ஓராண்டில் சாண்டா ஃபே தீவின் கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு மடிந்தன.

இப்போது அந்தக் கெடுபிடியின் பொருள் விளங்குகிறதா? ஒரு கப்பலில் 100 பேருக்கு மேல் கூடாது. ஒரு வழிகாட்டியுடன் 16 பேர்தான் போகலாம். குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. விலங்கிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளில் இருமுறை போகக் கூடாது. 2023-ல் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் இத்தீவுகளுக்கு வந்தார்கள். அவர்கள் தரும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதி பூங்காவைக் காக்கச் செலவாகிறது. அவர்கள் வராவிட்டால் காவலுக்குப் பணம் குறையும். வந்தாலோ விதையும் பூச்சியும் கூடவே வரும். இந்த இரண்டுக்கும் நடுவேதான் இத்தீவுகள் இன்று நிற்கின்றன. நம்மைக் கண்டு ஓடத் தெரியாத உயிர்களுக்கு நாம்தான் வேலி.

செய்து பாருங்கள்

டார்வின் ஒருமுறை குளத்தோரச் சேற்றில் மூன்று கரண்டி எடுத்து ஆறு மாதம் மூடி வைத்தார். அதிலிருந்து முளைத்த செடிகள் 537! நீங்களும் மழைநாளில் நடந்துவிட்டு வந்து, காலணிச் சேற்றைச் சுரண்டி எடுங்கள். நன்றாக வறுத்து ஆறவைத்த மண்ணில் அதைத் தூவித் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு மாதத்தில் எத்தனை செடிகள் முளைத்தன என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் அறியாமலே சுமந்து வந்த பயணிகள் அவை.