தொண்டை நோவு இருதயத்தைத் தொடுமா?

பொகவந்தலாவையில் ஒரு பிள்ளைக்கு முழங்கால் வீங்கினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: "குளிர் பிடித்துவிட்டது." மலைநாட்டுப் பனிக்கு அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. எண்ணெய் காய்ச்சித் தடவி, கம்பளியால் சுற்றி, இஞ்சிப் பிளேன்டீ கொடுத்துப் படுக்க வைப்பார்கள். சில நாளில் அந்தக் கால் சுகமாகும். பிறகு மற்றக் கால் வீங்கும். அதுவும் ஆறும், கணுக்காலுக்கோ முழங்கைக்கோ நோவு மாறும். கொஞ்ச நாளில் எல்லாம் போய்விடும். பிள்ளை பாடசாலைக்குப் போகும். வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

மறக்கக் கூடாத காய்ச்சல் அது. மூட்டு விட்டு மூட்டுத் தாவும் இந்த நோவுக்கு வாதக் காய்ச்சல் என்று பெயர். ஆங்கில வைத்தியர்கள் ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் வரும். அது மூட்டை நக்கிவிட்டுப் போகும், இருதயத்தைக் கடித்துவிட்டுப் போகும் என்று வைத்தியர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. கடித்த தழும்பு பத்து, இருபது வருடம் கழித்துத்தான் வெளியே தெரியவரும்.

தாயிடம் கொஞ்சம் கிளறிக் கேட்டால், "இரண்டு மூன்று கிழமைக்கு முன்னால் தொண்டை நோவு என்றான், விழுங்க முடியவில்லை என்றான்" என்பார். அங்கேதான் கதை தொடங்குகிறது. தொண்டை நோவுகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, தாமாகவே ஆறிவிடும். சில மட்டும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவின் ஒரு வகையால் வருகின்றன. அதற்கு மருந்து செய்யாத நூறு பிள்ளைகளில் மூன்று பேருக்கு மேல் வாதக் காய்ச்சல் வருவது அபூர்வம். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

தொண்டையில் இருந்த கிருமி இருதயத்துக்கு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். அது போகவே இல்லை. இதைத்தான் நம் சகோதரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இருதயத்தைக் கெடுப்பது அந்தக் கிருமியல்ல; அதை எதிர்க்கப் புறப்பட்ட நம் சொந்தக் காவற்படையே.

நம் குருதியில் வெண்குருதிக் கலங்கள் என்ற காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார் பிறபொருளெதிரி என்ற ஆயுதத்தைச் செய்து அனுப்புவார்கள். ரீ கலங்கள் எனப்படும் இன்னொரு சாரார் எதிரியின் அடையாளத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, அதைக் கண்ட இடத்தில் தாக்குவார்கள். அந்தப் பக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம் நம் இருதயத் தசையிலும் வால்விலும் இருக்கும் சில புரதங்களுக்குச் சாயலில் ஒத்திருக்கிறது. கள்ளனின் சட்டையைப் போலவே வீட்டுக்காரனும் சட்டை போட்டிருந்தால் காவலாளி என்ன செய்வான்? இருவரையும் அடிப்பான். பிறபொருளெதிரி முதலில் வால்வின் மெல்லிய மேற்தோலில் ஒட்டி அதைப் புண்படுத்துகிறது. அந்தப் புண்வழியே ரீ கலங்கள் உள்ளே நுழைகின்றன. அவை மற்றக் கலங்களையும் கூவி அழைக்கின்றன. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். இருதயத் தசையில் இந்தக் கலங்கள் சிறு சிறு முடிச்சுகளாகத் திரண்டு கிடப்பதை 1904 ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வைத்தியர் லுட்விக் அஷோஃப் எழுதி வைத்தார். இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான்.

புண் ஆறினால் தழும்பு விழும். கையில் விழுந்த தழும்பால் நட்டமில்லை. வால்வில் விழுந்தால்? இடப்பக்க இருதயத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வுதான் அதிகம் அடிபடுவது. தடித்து, ஓரங்கள் ஒட்டி, வாசல் குறுகிவிடும். குருதி முன்னே போக வழியில்லாமல் பின்னால் தேங்கும், நுரையீரல் கனக்கும். மேடு ஏற மூச்சு வாங்கும். இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வரும். கால் வீங்கும். இருதயம் தளர்ந்துபோன நிலை இது. ஒவ்வொரு தொண்டை நோவும் அந்தக் காவலர்களை மறுபடி உசுப்பிவிடும். பழைய தழும்பின் மேல் புதிய தழும்பு விழும்.

அப்படியானால் அந்தக் காவலர்களையே மருந்தால் அடக்கிவிடலாமே என்று தோன்றும். உலகத்தின் பெரிய வைத்தியர்களுக்கும் அது தோன்றியது. பல காரணங்களால் இருதயம் தளர்ந்தவர்களின் குருதியில் அழற்சிப் பொருட்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டு, அவற்றில் ஒன்றைத் தடுக்கும் ஊசியைச் சுமார் 2000 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று 2001 ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். மாரடைப்புக் கண்ட சுமார் 10,000 பேரிடம் வேறொரு மருந்தைச் சோதித்து 2017 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மறு மாரடைப்புகள் குறைந்தன. ஆனால் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். காவலாளியைக் கட்டிப்போட்டால் உண்மைக் கள்ளன் நுழைந்துவிடுகிறான்! அந்தக் கலங்களுக்கு நல்ல வேலையும் உண்டு. மாரடைப்பில் செத்துப்போன தசையைக் கூட்டித் துடைத்து, கிழிந்த இடத்தைத் தைத்துக் கொடுப்பவை அவைதாம். வாதக் காய்ச்சலிலும் அஸ்பிரினும் ஸ்டீராய்டும் காய்ச்சலையும் வீக்கத்தையும் தணிக்கும். வால்வில் தழும்பு விழாமல் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

ஆகவே மிஞ்சியது ஒரு வழிதான்: காவலரை உசுப்பிவிடும் கிருமியைத் தொண்டையில் குடியேற விடாதிருப்பது. பென்சிலின் ஊசியின் வேலை அது. 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை இடுப்பில் போடும் அந்த ஊசி நோவும், பிள்ளை அழும். கால் வீக்கம் போய் ஆறு மாதமானதும், "சுகமான பிள்ளைக்கு எதற்கு ஊசி?" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது கால் வீக்கத்துக்குப் போட்ட ஊசியே அல்ல. வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: இருதயம் அடிபடாத பிள்ளைக்கு 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, எது நீளமோ அது, வால்வு பழுதாகி நிலைத்துவிட்டவருக்கு 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுதும். பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மைதான். முன்பு ஏதும் மருந்துக்குத் தடிப்போ மூச்சு முட்டலோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்று மாத்திரை இருக்கிறது. அதற்கும் முன்னால், காய்ச்சலோடு விழுங்க முடியாத தொண்டை நோவு வந்த பிள்ளையை உடனே காட்டுங்கள். நோவு தொடங்கி 9 நாட்களுக்குள் பென்சிலின் தொடங்கினாலும் வாதக் காய்ச்சல் வராமல் தடுத்துவிடலாம்.

குளிரின் மேல் பழி போடுகிறோமே, குளிரா காரணம்? நெருக்கம்தான் காரணம். 10 அடிக்கு 12 அடி லய அறையில் ஆறேழு பேர் படுத்தால் ஒருவர் இருமல் எல்லோர் தொண்டைக்கும் சொந்தம். பஸாரில் கடைக்குப் பின்னால் குடியிருக்கும் நம்மவர் வீடுகளும் அப்படி ஒன்றும் விசாலமானவை அல்ல. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் 2001, 2002 ஆம் ஆண்டுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது, இந்த இருதய நோய் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது. அதே வட்டாரத்தில் முன்பு அதைவிடப் பல மடங்கு இருந்த நோய் அது. ஒழியக்கூடிய நோய்தான்.

இனி, நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. ஓதிப் பார்க்கச் சொல்லிச் சில பெண் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். கை தானாகத் துள்ளும்; தேநீர்க் கோப்பை நழுவும்; முகம் கோணும்; நன்றாக எழுதிய பிள்ளையின் எழுத்துக் கிறுக்கலாகும்; காரணமில்லாமல் அழும். "ஏதோ பட்டுவிட்டது ஹஸ்ரத்" என்பார்கள். வாதக் காய்ச்சல் மூளையைத் தொடும்போது வரும் வலிப்பாட்டம் இப்படித்தான் இருக்கும். 1686 ஆம் ஆண்டில் தோமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில வைத்தியர் விவரித்தது. ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். தொண்டை நோவு வந்து மாதக்கணக்கானபின் தோன்றுவதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. நான் ஓதி ஊதுவேன். அன்றைக்கே வைத்தியசாலைக்கும் அனுப்புவேன். இருதயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

பெண் பிள்ளை என்றதும் இன்னொரு சங்கடம். சம்பந்தம் பேசும்போது கிளினிக் கொப்பியை ஒளித்து வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று ஊசியும் நின்றுபோகிறது. பிறகு அவள் கர்ப்பமாகிறாள். கர்ப்ப காலத்தில் உடலின் குருதி பாதியளவு வரை பெருகும். குறுகிய வால்வு அதைத் தாங்குமா? அதுவரை ஒரு நோவும் சொல்லாத பெண் ஐந்தாறு மாதத்தில் மூச்சுத் திணறி விழுவாள். இந்நாட்டில் தாய்மார் மரணத்தின் முன்னணிக் காரணங்களில் இருதய நோயும் ஒன்று. கொப்பியை ஒளிப்பது மாப்பிள்ளை வீட்டாரை மட்டும் ஏமாற்றும் காரியமல்ல. முன்கூட்டியே தெரிந்தால் எக்கோ எடுத்துப் பார்த்து, குறுகிய வால்வைப் பலூன் விட்டு விரிக்கலாம். அது 1980களில் ஜப்பானிய வைத்தியர் கன்ஜி இனோவே தந்த முறை. நெஞ்சைப் பிளக்கத் தேவையில்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டினால் தேவைப்படுவோரைக் கண்டிக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் காசில்லை. பென்சிலின் ஊசி கர்ப்பிணிக்கும் ஆகும். செயற்கை வால்வு வைத்து வார்ஃபரின் குடிப்பவர் மட்டும் கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும். அந்த மாத்திரை முதல் மாதங்களில் குழந்தைக்கு ஊறு செய்யக்கூடும். அதற்காகத் தானாக நிறுத்தினால் வால்வில் குருதி உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகும்.

ரமழானில் ஊசி நாள் வந்தால், "நோன்பு முறிந்துவிடும், பெருநாள் கழித்துப் போடலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். சதையில் போடும், உணவாக ஆகாத ஊசியால் நோன்பு முறியாது. 1997 ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் முடிவும் அதுவே. மனம் கேட்காதவர்கள் வைத்தியரிடம் சொல்லி நோன்புக்கு முதல் நாளே போட்டுக்கொள்ளட்டும். பிந்திப் போவதை விட முந்துவது நல்லது. மூச்சு வாங்கி, நீர் மாத்திரை குடிப்பவருக்கு நோன்பே சலுகையில் இருக்கிறது. அவர் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். அவருடைய இஃப்தார் கஞ்சியில் உப்பையும் அளந்து போடுங்கள். ரோல்ஸும் ஊறுகாயும் அவர் தட்டுக்கு வேண்டாம்.